வீடு மாறுவதற்கு முன்பே ஃபிக்ஸட் மார்ட்கேஜ் டீல் முடிகிறது, என்ன செய்வது?

கேட்டவர் இங்கிலாந்தில் இருக்கிறார். வீட்டுக் கடனில் ஐந்து வருடம் வட்டி மாறாத ஃபிக்ஸட் டீல் இன்னும் மூன்று மாதத்தில் முடிகிறது. வீட்டை விற்கப் போட்டாயிற்று, வாங்குபவர் அமையவில்லை. புது டீல் எடுத்து மாட்டிக்கொள்வதா, பேசாமல் விட்டுவிடுவதா என்று கேட்கிறார்.

பேசாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். டீல் முடிந்ததும் வங்கி உங்களை எஸ்விஆர் எனப்படும் தன் வழக்கமான வட்டிக்கு மாற்றிவிடும். பொதுவாக அது எந்த டீலையும் விட அதிகம். 2,00,000 பவுண்டு பாக்கி, எஸ்விஆர் 7.5 சதவீதம், அதே வங்கியின் ட்ராக்கர் (பேங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டியோடு சேர்ந்து ஏறி இறங்கும் டீல்) 4.75 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வட்டியில் மட்டும் மாதம் சுமார் 458 பவுண்டு கூடுதலாகப் போகும். "எப்படியும் சீக்கிரம் மாறிவிடுவோமே" என்ற நம்பிக்கையில்தான் பலரும் இதைக் கட்டுகிறார்கள். இங்கே எக்ஸ்சேஞ்ச், அதாவது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம், ஆகும்வரை யார் வேண்டுமானாலும் பின்வாங்கலாம். எங்கள் வீட்டை வாங்க வந்தவர் சர்வே அறிக்கையைப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார். கோடையில் முடிய வேண்டியது பொங்கலுக்கு அப்புறம்தான் முடிந்தது.

உங்கள் நிலையில் நான் தேடுவது, முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லாத ட்ராக்கர். இப்போதுள்ள வங்கியிலேயே டீலை மட்டும் மாற்றிக்கொண்டால் பெரும்பாலும் சம்பள விவரமும் கேட்க மாட்டார்கள், வக்கீலும் தேவையில்லை. ஆனால் எல்லா ட்ராக்கரும் அபராதம் இல்லாதவை அல்ல, கேட்டு உறுதி செய்யுங்கள். கட்டணத்தையும் பாருங்கள். சில மாதமே வைத்திருக்கப்போகும் டீலுக்கு 999 பவுண்டு கட்டணம் கட்டுவதைவிட, வட்டி கொஞ்சம் கூடினாலும் கட்டணமில்லாததே மேல். பேங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டியை ஏற்றினால் உங்கள் தவணையும் ஏறும் என்பது உண்மைதான். 2021 டிசம்பரில் 0.1 சதவீதமாக இருந்தது 2023 ஆகஸ்டில் 5.25 ஆனதை மறக்க முடியாது. ஆனாலும் சில மாதங்களுக்கு அந்த ஆபத்தை ஏற்கலாம்.

"இன்னொரு ஃபிக்ஸட் எடுங்கள், புது வீட்டுக்கு அப்படியே போர்ட் செய்துகொள்ளலாம்", அதாவது அதே டீலைப் புது வீட்டுக் கடனுக்கு எடுத்துப்போகலாம் என்று வங்கியில் சொல்வார்கள். இதில்தான் கவனம் தேவை. போர்ட் செய்யும்போது நீங்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அன்றைய சம்பளம், செலவு, புது வீடு எல்லாவற்றையும் வங்கி மறுபடி பார்க்கும். இடையில் வேலை மாறியிருந்தாலோ, மகப்பேறு விடுப்பில் இருந்தாலோ, சொந்தத் தொழிலுக்குப் போயிருந்தாலோ மறுக்கலாம். மறுத்தால் அபராதம் உங்கள் தலையில். பாக்கியில் 3 சதவீதம் என்றால்கூட 2,00,000-க்கு 6,000 பவுண்டு. பெரிய வீட்டுக்குப் போவதால் கூடுதல் கடன் வேண்டுமென்றால், அது வேறு வட்டியில், வேறு முடிவுத் தேதியோடு தனிப் பகுதியாக நிற்கும். விற்பதும் வாங்குவதும் ஒரே நாளில் நடக்காவிட்டால், முதலில் அபராதத்தைக் கட்டி, குறிப்பிட்ட காலத்துக்குள் வாங்கினால் திரும்பப் பெறும்படி வைத்திருக்கும் வங்கிகளும் உண்டு. நடுவில் வாடகைக்குப் போக நினைத்தால் இதை அவசியம் கேளுங்கள்.

மாறுவது இன்னும் ஒன்றிரண்டு வருடம் தள்ளிப்போகும், தவணை ஏறினால் குடும்பம் தாங்காது என்றால் மட்டும் இரண்டு வருட ஃபிக்ஸட் சரி.

மூன்று மாதம் இருக்கிறதே என்று தள்ளிப்போடவும் வேண்டாம். 2023-இல் அரசும் வங்கிகளும் சேர்ந்து கொண்டுவந்த மார்ட்கேஜ் சாசனத்தில் கையெழுத்திட்ட வங்கிகளில், பழைய டீல் முடியச் சில மாதம் இருக்கும்போதே புது டீலைப் பிடித்து வைக்கலாம். அது தொடங்கும்வரை அதே வகையில் மலிவானது வந்தால் மாற்றிக்கொள்ளலாம். இந்த வாரமே கூப்பிட்டு ஒன்றைப் பிடித்து வையுங்கள். இப்போதைய டீலின் அபராதம் எந்தத் தேதியோடு தீர்கிறது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்குபவர் திடீரென்று அமைந்தால் கம்ப்ளீஷன் தேதியை, அதாவது பணமும் சாவியும் கைமாறும் நாளை, அதற்குப் பிறகு வைக்கும்படி உங்கள் வக்கீலிடம் சொல்ல அது உதவும்.