வளரும் நாடுகளின் வேளாண்மையில் பெண்களின் உழைப்பு ஏன் கணக்கில் வருவதில்லை?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் வாழ்பவர்களுக்கு இக்கேள்வி புதிதன்று. வளரும் நாடுகளின் வேளாண் உழைப்பாளர்களில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் பெண்கள் என ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனம் 2011இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. ஆயினும் குடும்ப நிலத்தில் ஊதியமின்றிச் செய்யும் வேலை, விதை காத்தல், கால்நடை வளர்ப்பு ஆகியவை வீட்டு வேலையாகவே கருதப்பட்டு விடுபடுகின்றன.

கூலி வேலையிலும் இதே நிலைதான். செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் குலை வெட்டும் கணவரின் பெயரில் டன் கணக்கில் கூலி எழுதப்பட, அவருடன் வந்து உதிர்ந்த பழங்களைப் பொறுக்கும் மனைவியின் பெயர் பல வேளைகளில் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் கூலிப் பதிவேட்டில், ஏறுவதே இல்லை. களைக்கொல்லி மருந்து அடிப்பதும் உரம் போடுவதும் பெரும்பாலும் பெண்களிடமே விடப்பட்டன. பராகுவாட் என்னும் களைக்கொல்லி மலேசியாவில் 2020இல்தான் முழுமையாகத் தடை செய்யப்பட்டது என்பதை எண்ணும்போது, அதுவரை அந்த நஞ்சை முதுகில் சுமந்து தெளித்த பெண்கள் பட்ட பாட்டுக்கு யார் பொறுப்பேற்றார்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

என் பார்வையில், அடிப்படைக் காரணம் நிலவுரிமை. பட்டா ஆணின் பெயரில் இருந்தால் கடனும் பயிற்சியும் அவரையே சென்றடைகின்றன. ஆண்களுக்குள்ள வளங்கள் பெண்களுக்கும் கிடைத்தால், அவர்களுடைய நிலங்களின் விளைச்சல் 20 முதல் 30 விழுக்காடு வரை உயரக்கூடும் என்று அதே அறிக்கை மதிப்பிட்டது.