இடதுசாரிகள் எல்லாரும் ஒன்றுதானா? அவர்கள் தமிழருக்கு என்ன செய்தார்கள்?

"சமசமாஜிகள், கொம்யூனிஸ்டுகள், ஜே.வி.பி.யினர் எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தானே, முற்போக்கு என்ற பெயரில் கடைசியில் தமிழரைக் கைவிட்டவர்கள்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள். 2024 தேர்தலுக்குப் பிறகு உங்கள் வீட்டிலோ வேலையிடத்திலோ இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்திருக்க வேண்டும். இளையவர் ஒருவர் ஜே.வி.பி. தலைமையிலான தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னத்துக்கு வாக்களித்திருப்பார், மூத்தவர் ஒருவர் கோபப்பட்டிருப்பார். கொழும்பில் பல தமிழ் வீடுகளில் இதுதான் நிலைமை. நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள் நடந்த ஒன்றைத் தொடுவதால் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவர்கள் ஒன்றல்லர். யார் எந்தச் சித்தாந்தப் பெயரைச் சூடிக்கொண்டார் என்பதை வைத்துப் பிரித்தால் குழப்பமே மிஞ்சும். கொள்கையைக் கைவிடாவிட்டால் வாக்கு போகும் என்ற நாள் வந்தபோது யார் என்ன செய்தார் என்று பாருங்கள். வேறுபாடுகள் தாமாகத் தெரியவரும்.

எல்லாருக்கும் வாக்குரிமை என்பதே ஒரு காலத்தில் தீவிரமான முற்போக்குக் கோரிக்கையாக இருந்தது. அரசியலமைப்பைச் சீர்திருத்த பிரித்தானிய அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு அதைப் பரிந்துரைத்தபோது எதிர்த்தவர்களுள் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் நடத்திய வாலிப காங்கிரஸ் முழுச் சுயராச்சியம் கேட்டது, சாதி பாராத சமபந்தியை வலியுறுத்தியது, டொனமூர் திட்டம் சுயராச்சியம் தரவில்லை என்று 1931 தேர்தலைப் பகிஷ்கரித்தது. மலையகத்தில் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கான முதல் தொழிற்சங்கத்தை அமைத்தார். அவர் மனைவி மீனாட்சி அம்மை பாட்டுக் கட்டித் தொழிலாளர் நடுவே பாடினார். முற்போக்கு என்பது சிங்களத் தலைவர்கள் இலண்டனிலிருந்து கொண்டுவந்து இறக்கிய சரக்கு என்று சொல்பவர்கள் இவற்றையெல்லாம் எங்கே வைப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இலண்டனிலிருந்து வந்ததும் உண்மைதான். சமசமாஜத் தலைவர்களுள் ஒருவரான என்.எம். பெரேரா இலண்டன் பொருளியற் கல்லூரியில் ஹெரால்ட் லாஸ்கியிடம் படித்தவர். ஆனால் சமசமாஜிகளின் அரசியல் காலூன்றிய இடங்களுள் ஒன்று நம் வெள்ளவத்தை. இன்று ஹெவ்லொக் சிற்றி அடுக்குமாடிகள் நிற்கும் நிலத்தில் அன்று நெசவாலை இருந்தது. மலையாளிகளும் பிற இந்தியத் தொழிலாளரும் பெருமளவில் வேலை செய்த அந்த ஆலையில் 1933-இல் வேலைநிறுத்தம் நடந்தபோது, கொழும்புத் தொழிலாளரின் தனிப்பெருந் தலைவராக விளங்கிய ஏ.ஈ. குணசிங்க அதற்கு எதிராக நின்றார், கொல்வின் ஆர். டி சில்வாவும் தோழர்களும் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். 1923 பொது வேலைநிறுத்தத்தையும் 1929 டிராம் வேலைநிறுத்தத்தையும் நடத்திய அதே குணசிங்க, பொருளாதார நெருக்கடி வந்ததும் இந்தியத் தொழிலாளரைப் பகைவராகக் காட்டத் தொடங்கியிருந்தார். குணசிங்கவின் தொழிற்கட்சிவாதம் ஒரு பக்கமும், எந்த நாட்டவராயினும் தொழிலாளர் ஒன்றே என்ற சர்வதேசவாதம் மறுபக்கமும் பிரிந்தது எங்கள் காலி வீதிக்குப் பக்கத்திலேயே நடந்தது.

1935 டிசெம்பரில் என்.எம்., கொல்வின் முதலியோரின் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. 1939 இறுதியில் அக்கட்சி மொஸ்கோ தலைமையிலான உலகக் கொம்யூனிஸ்ட் அமைப்பான மூன்றாம் அகிலத்தின் மீது நம்பிக்கையில்லை என்று தீர்மானித்தது. ஸ்டாலினை ஏற்றவர்கள் வெளியேற்றப்பட்டு 1943-இல் கொம்யூனிஸ்ட் கட்சியானார்கள். உலகில் பெரும்பாலான இடங்களில் சிறு குழுக்களாகவே இருந்த, ஸ்டாலினை எதிர்த்த ட்ரொட்ஸ்கியவாதம் இங்கே பிரதான எதிர்க்கட்சியாகும் அளவுக்கு வளர்ந்தது. 1948-இல் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியபோது இரு தரப்பினரும் நாடாளுமன்றத்தில் எதிர்த்தார்கள். 1953-இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏறியதும் நடந்த ஹர்த்தால் பிரதமர் டட்லி சேனநாயக்கவின் பதவி விலகலில் முடிந்தது. 1956-இல் தனிச்சிங்களச் சட்டம் வந்த நாட்களில் "ஒரு மொழியென்றால் இரு நாடு, இரு மொழியென்றால் ஒரு நாடு" என்ற கொல்வினின் எச்சரிக்கையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதே தேர்தலில் பருத்தித்துறை மக்கள் பொன். கந்தையாவை ஒரு கொம்யூனிஸ்டாகவே நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். இது கைவிட்டவர்களின் வரலாறு அன்று. ஆகவேதான் பின்னால் நடந்தது அவ்வளவு வலித்தது.

1964-இல் சமசமாஜக் கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசில் அமைச்சுப் பதவிகள் ஏற்றது. எட்மண்ட் சமரக்கொடி, பாலா தம்பு போன்றோர் வெளியேறினார்கள். 1966 ஜனவரி 8-ஆம் திகதி, அரச அலுவல்களில் தமிழுக்கு இடமளிக்கும் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகளுக்கான ஒழுங்குவிதிகளை, மீண்டும் ஆட்சிக்கு வந்திருந்த டட்லி அரசு நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தபோது, சிறிமாவோவின் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியோடு சேர்ந்து சமசமாஜக் கட்சியும், மொஸ்கோ சார்பு, பீக்கிங் சார்பு என அதற்குள் இரண்டாகப் பிளந்திருந்த கொம்யூனிஸ்டுகளில் மொஸ்கோ சார்புக் கட்சியும் வேலைநிறுத்தத்துக்கும் ஊர்வலத்துக்கும் அழைத்தன. துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளம் பிக்கு இறந்தார்; அவசரகால நிலை வந்தது. தமிழருக்கு இடங்கொடுத்தார் என்று டட்லியை இகழ்ந்து, "டட்லியின் வயிற்றில் மசாலா வடை" என்று இடதுசாரிகளின் வாயிலிருந்தே முழக்கம் எழுந்த காலம் அது.

என் தகப்பனார் அப்போது கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் அச்சுக்கோப்பாளர். தொழிற்சங்கக் கிளையின் பொருளாளரும்கூட. மே தினத் துண்டுப்பிரசுரத்தின் தமிழ்ப் பக்கத்தை அவரும் சிங்களப் பக்கத்தை அவருடைய நெருங்கிய தோழர் ஒருவரும் ஒரே மேசையின் இரு பக்கமும் நின்று கோப்பார்கள். அப்பாவின் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் ஈயக் கறை நிரந்தரமாக ஏறியிருக்கும். எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. ஏழாம் திகதி மாலை அந்தத் தோழரும் இன்னும் இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் பள்ளிச் சிறுவன். தேநீர் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கதவடியில் நின்றேன். அவர்கள் எப்போதும்போல் அப்பாவை "சகோதரயா" என்றே விளித்தார்கள். இது மொழிக்கு எதிரானதல்ல, ஐக்கிய தேசியக் கட்சி அரசுக்கு எதிரானது என்று நெடுநேரம் விளக்கினார்கள். அப்பா அவர்கள் கொண்டுவந்த வேலைநிறுத்தத் துண்டுப்பிரசுரத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு மேசையில் வைத்தார். சிங்களத்தில் அவர் சொன்னதன் பொருள் இதுதான்: "சம்பளத்துக்கு என்றால் வாசலில் முதல் ஆளாக நிற்பேன். என் பிள்ளை தன் மொழியில் ஒரு கடிதம் எழுதக்கூடாது என்பதற்காக என்றால், நாளை நான் வேலைக்குப் போவேன்."

போனார். அன்று முதல் அவர் பெயர் கருங்காலி. தொழிற்சங்கக்காரனுக்கு அதைவிடப் பெரிய வசவு இல்லை. வேலைநிறுத்தங்களில் பட்டினி கிடந்த மனிதரை அவரோடு பட்டினி கிடந்தவர்களே அப்படி அழைத்தார்கள். அடுத்த கூட்டத்தில் பொருளாளர் பதவியை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். கணக்குப் புத்தகத்தையும் மீதிப் பணத்தையும் சதம் பிசகாமல் ஒப்படைத்துவிட்டு வந்த அப்பா சங்கத்தை விட்டு விலகவில்லை; சந்தாவும் நிறுத்தவில்லை. உறவினர் சிலர், "இப்போதாவது புத்தி வந்ததா, தமிழ்க் கட்சிக்கு வாருங்கள்" என்றார்கள். அப்பா அதற்கும் போகவில்லை. ஊர்க் கோயிலுக்குள் எல்லாச் சாதியினரும் போகலாம் என்று அந்தக் கட்சிக்காரர்கள் மேடையில் சொன்னால் வருகிறேன் என்றார்.

அந்த ஆண்டிலேயே, ஒக்டோபர் 21-இல், சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது. அதை நடத்தியவர்கள் நா. சண்முகதாசன் தலைமையிலான பீக்கிங் சார்புக் கொம்யூனிஸ்டுகள். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் 1968-இல் உள்ளே போகும் உரிமை கேட்டு நின்றவர்களும் அந்த வழியில் வந்தவர்களே. சண்முகதாசனின் அரசியலில் எனக்கு உடன்பாடில்லாதவை பல உண்டு. ஆனால் யாழ்ப்பாணத்தில் பெரும்பான்மையாக இருந்த சாதியினரின் வாக்கைப் பற்றிக் கவலைப்படாமல் அவர்கள் தேநீர்க் கடைகளையும் கோயில்களையும் திறக்கவைத்தார்கள். அதே சண்முகதாசனின் கட்சியிலிருந்து பிரிந்துபோய் ஜே.வி.பி.யை அமைத்த றோகண விஜேவீரவோ, உறுப்பினருக்கு நடத்திய தன் ஐந்து அரசியல் வகுப்புகளில் ஒன்றை 'இந்திய விஸ்தரிப்புவாதம்' என்று வைத்து, தேயிலை பறிக்கும் மக்களை அதன் கருவியாகக் காட்டினார். ஒரே கட்சியில் இருந்தவர்கள், இரு வேறு அரசியல். 1972-இல் பௌத்தத்துக்கு முதன்மை இடமும் சிங்களத்துக்கு அரசியலமைப்புத் தகுதியும் தந்த யாப்பை அமைச்சராக இருந்து உருவாக்கியவர் 1956-இல் எச்சரித்த அதே கொல்வின். ஒரே மனிதர், இரு வேறு அரசியல். எல்லாரும் ஒன்றுதானே என்று கேட்கும்போது இவற்றையெல்லாம் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறீர்கள்.

தமிழ்த் தேசியத்தைச் சிறுமைப்படுத்துகிறேன் என்று சிலர் கீழே எழுதுவார்கள்; சிங்கள இடதுசாரிகளுக்கு வெள்ளையடிக்கிறேன் என்று வேறு சிலர் எழுதுவார்கள். இரண்டுமல்ல. தமிழ் இயக்கங்களின் உள்ளே நடந்ததையும் வெளியே நடந்ததையும் ஒரே கண்ணால் பார்த்து எழுதிய ராஜினி திராணகம 1989 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். முற்போக்கு வகைகளுள் எனக்கு மிக நெருக்கமானது அவருடையதே: பெண்ணிலைவாதமும் மனித உரிமையும் சேர்ந்தது, தன் பக்கத்தவரையும் கேள்வி கேட்பது. கட்சி வரலாறுகளில் இந்த வகைக்கு ஓர் அடிக்குறிப்புகூடக் கிடைப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் ஒரு முற்போக்கு அமைப்பு இடதுசாரி வரலாறு பற்றிக் கருத்தரங்கு நடத்தியது. உரைகள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடந்தன. தமிழுக்கு உரைபெயர்ப்பாளரே இல்லை. நான் எழுந்து 1966 ஜனவரி பற்றித் தமிழில் கேட்டேன். நேரம் போதாது, ஆங்கிலத்தில் கேளுங்கள் என்று தலைமை தாங்கியவர் சொன்னார். சிங்களத்தில் கேட்டேன். "அது அக்காலச் சூழல்" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. இன்று அரசை அமைத்திருப்பவர்களிடமும் நான் எதிர்பார்ப்பது அந்தச் சூழலைப் பற்றிய நேர்மையான கணக்கைத்தான். மன்னிப்புச் சடங்கு எனக்குத் தேவையில்லை.

நீங்கள் கொழும்பில் இருந்தால், சுவடிகள் திணைக்களத்துக்குப் போய் 1966 ஜனவரி மாதத்துத் தமிழ், சிங்களப் பத்திரிகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். முன்பு றீட் அவெனியூ என்ற, இப்போது பிலிப் குணவர்தன மாவத்தை எனப்படும் வீதியில் அது இருக்கிறது. வாசித்துவிட்டு உங்கள் வீட்டு வாக்குவாதத்தைத் தொடருங்கள். அதற்குப் பிறகும் எல்லாரும் ஒன்றுதான் என்று தோன்றினால் இங்கேயே காரணத்தோடு எழுதுங்கள், நான் பதில் தருகிறேன்.