90 கிலோவைத் தாண்டியவர்களுக்கு எந்த சைக்கிள்? – கேள்வி பதில்

உடம்பு கொஞ்சம் கனமானவர்கள் சைக்கிள் வாங்குவது பற்றிக் கேட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டேன். எடையைக் குறைப்பது பற்றிய அறிவுரை இதில் கிடையாது. அதைச் சொல்ல வீட்டிலும் தெருவிலும் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள்.

சேலத்திலிருந்து: அண்ணா, என் எடை 112 கிலோ, உயரம் 5 அடி 9 அங்குலம். "அலுமினியம் உங்களைத் தாங்காது, ஸ்டீல் ஃப்ரேம்தான் சரி" என்கிறார் கடைக்காரர். உண்மையா?

தம்பி, ஃப்ரேம் உடைந்து பட்டறைக்கு வரும் வண்டிகள் ரொம்பக் குறைவு. வருவதும் பெரும்பாலும் எதிலாவது மோதியதாக இருக்கும். கனமானவர்களின் வண்டியில் முதலில் போவது பின் சக்கரம். நாம் உட்கார்ந்து ஓட்டும்போது பாதிக்கு மேற்பட்ட எடை பின்பக்கம்தான் இறங்குகிறது. பள்ளத்தில் விழும்போது சீட்டிலிருந்து எழும்பாமல் உட்கார்ந்தபடியே வாங்கிக்கொள்கிறோம், அந்த அடியும் அங்கேதான் போகிறது. ஸ்டீலா அலுமினியமா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல் பின் சக்கரத்தில் எத்தனை ஸ்போக்ஸ் கம்பி, ரிம் ஒற்றைச் சுவரா இரட்டைச் சுவரா, ஹப் (சக்கரத்தின் நடுவில் கம்பிகள் மாட்டியிருக்கும் குடம்) எந்த வகை என்று கேளுங்கள். 36 கம்பி, டபுள் வால் (இரட்டைச் சுவர்) ரிம், கேசட் ஹப் (இது என்ன என்று கீழே காட்பாடிக்காரருக்குச் சொல்லியிருக்கிறேன்) மூன்றும் இருந்தால் ஃப்ரேம் அலுமினியமாக இருப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. 32 கம்பி என்றாலும் சக்கரம் நன்றாகக் கட்டப்பட்டிருந்தால் ஓடும். 24, 28 என்று அழகுக்காகக் கம்பியைக் குறைத்த சக்கரம் வேண்டாம்.

எடை வரம்பையும் பாருங்கள். கையேட்டிலோ கம்பெனியின் இணையதளத்திலோ போட்டிருப்பார்கள். 100, 110, 120 கிலோ என்பதுதான் அதிகம் கண்ணில் படுவது. ட்ரெக் கம்பெனி தன் ஹைப்ரிட், எம்டிபி (மலைப்பாதை) வண்டிகள் பலவற்றுக்கு 136 கிலோ கொடுக்கிறது. ஆனால் இந்த எண் ஓட்டுபவரின் எடையா, வண்டியும் பையும் சேர்ந்ததா என்று படித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் 112, வண்டி 14, லேப்டாப் பையும் தண்ணீர் பாட்டிலும் 4 என்றால் 130 ஆகிவிடுகிறது. "120 கிலோ தாங்கும் சார்" என்று கடையில் சொல்வது இந்தக் கணக்கில் எதைச் சேர்த்து என்று கேளுங்கள். பாதிப் பேருக்குத் தெரியாது.

திருப்பூரிலிருந்து: 105 கிலோ. கியர் சைக்கிள் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பின் சக்கரத்தில் மாதம் ஒரு கம்பி அறுந்துபோகிறது. மாற்றி மாற்றி அலுத்துவிட்டது. வண்டியையே மாற்றிவிடலாமா?

வண்டியை வைத்துக்கொள்ளுங்கள், சக்கரத்தை மட்டும் மாற்றுங்கள்.

கம்பி உங்கள் எடையை ஒரே அடியில் தாங்க முடியாமல் அறுவதில்லை. சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் தரைக்கு நேராக வரும் கம்பியில் இழுவை குறைந்து, மேலே போனதும் மறுபடி ஏறுகிறது. 700சி என்ற பெரிய அளவுச் சக்கரத்தின் சுற்றளவு தோராயமாக 2.1 மீட்டர். அப்படியானால் கிலோமீட்டருக்குச் சுமார் 475 தடவை ஒவ்வொரு கம்பியும் தளர்ந்து இறுகுகிறது. கம்பி போதிய இறுக்கத்தில் இருந்தால் இந்த ஆட்டம் அதைப் பெரிதாகப் பாதிக்காது. லூசாக இருந்தால் ஹப்பில் மாட்டியிருக்கும் வளைவில் அசைந்து அசைந்து கடைசியில் அங்கேயே வெட்டுப்படும். அறுந்த கம்பியை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அந்த வளைவில்தான் போயிருக்கும். நடுவிலோ நிப்பிள் (கம்பியை ரிம்மில் பிடிக்கும் திருகு) பக்கமோ அறுந்திருந்தால் காரணம் வேறு.

மெஷினில் கட்டி வரும் மலிவுச் சக்கரங்களில் கம்பி இறுக்கம் குறைவாகவும் ஒன்றுக்கொன்று சமமில்லாமலும் இருப்பது சாதாரணம். 60 கிலோ ஆள் ஓட்டினால் அது தெரியவே தெரியாது. 105 கிலோவுக்குத் தெரிந்துவிடும். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, செயின் பக்கத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பாருங்கள். கிட்டத்தட்ட ஒரே சத்தம் வர வேண்டும். ஒன்று 'டிங்' என்றும் அடுத்தது 'தொட்' என்றும் வந்தால் அதுதான் உங்கள் நோய். அப்புறம் இடது பக்கத்தையும் அதேபோல் தனியாகச் சுண்டுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட வேண்டாம். கியர் சைக்கிளின் பின் சக்கரத்தில் இடது பக்கக் கம்பிகள் இயல்பாகவே கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கும்.

ஒன்றிரண்டு கம்பி போயிருந்தால் மாற்றி, மொத்தச் சக்கரத்துக்கும் இறுக்கம் சமன் செய்யச் சொல்லலாம். உங்களுக்கு நாலைந்துக்கு மேல் போயிருக்கும் போலிருக்கிறது. மீதிக் கம்பிகளும் அதே அளவு உழைத்துக் களைத்தவைதான், வரிசையில் நிற்கின்றன. 36 ஓட்டை டபுள் வால் ரிம், நல்ல துருப்பிடிக்காத கம்பி வாங்கிக் கொடுத்துக் கையால் கட்டத் தெரிந்தவரிடம் கட்டிக்கொள்ளுங்கள். பழைய ஹப்பில் 36 ஓட்டை இல்லையென்றால் ஹப்பும் மாற வேண்டும். பெண்டு எடுப்பவர் எல்லோரும் சக்கரம் கட்டுபவர் ஆகிவிட மாட்டார். ஊரில் வயதான மெக்கானிக் யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

காட்பாடியிலிருந்து: கேசட், ஃப்ரீவீல் என்கிறீர்களே, வித்தியாசம் என்ன? எனக்கு 98 கிலோ. 7 கியர் வண்டி பார்த்து வைத்திருக்கிறேன்.

இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் பல்சக்கர அடுக்குதான். ஃப்ரீவீல் வகையில் வலது பக்கத்து பால்ரஸ் ஹப்புக்குள்ளேயே நின்றுவிடும். அதிலிருந்து ஃப்ரேம் வரைக்கும் பல்சக்கர அடுக்கின் அகலத்துக்கு ஆக்ஸில் (அச்சு) ஆதரவில்லாமல் நீண்டிருக்கும். எடை அழுத்த அழுத்த அந்த இடத்தில் ஆக்ஸில் வளையும், சில சமயம் உடையும். கேசட் வகையில் பால்ரஸ் ஃப்ரேமுக்கு அருகிலேயே வந்துவிடுகிறது, அதனால் ஆக்ஸில் பிழைக்கிறது. விலை குறைந்த 6, 7 கியர் வண்டிகளில் பெரும்பாலும் ஃப்ரீவீல்தான். 98 கிலோவுக்கு நல்ல ரோட்டில் ஓட்டினால் ஓடும். ஆனால் கொஞ்சம் காசு சேர்த்து 8 கியர் கேசட் வண்டிக்குப் போவது மேல். பின்னால் டிஸ்க் பிரேக் இருப்பதைவிட இது உங்களுக்கு முக்கியம்.

மதுரையிலிருந்து: அண்ணா, வயது 43, எடை 96. இருபது நிமிடம் ஓட்டினாலே உட்காரும் இடம் வலிக்கிறது. ஸ்பாஞ்ச் வைத்த பெரிய சீட்டு மாற்றினேன், வலி கூடித்தான் இருக்கிறது. ஏற இறங்கவும் சிரமம்.

அம்மா, முதலில் அந்த மெத்தைச் சீட்டைக் கழற்றி வையுங்கள். உட்காரும்போது எடையைத் தாங்க வேண்டியது இடுப்பின் அடியில் இருக்கும் இரண்டு எலும்புகள். ஸ்பாஞ்ச் அமுங்கினால் எலும்பு உள்ளே இறங்கி, நடுவில் இருக்கும் மென்மையான சதை எடையை வாங்குகிறது. வலியும் மரத்துப்போவதும் அதனால் வருவது. அகலம் வேண்டும், ஆனால் அடித்தளம் கெட்டியாக இருக்க வேண்டும். சீட்டு மட்டமாக இருக்கட்டும். மூக்கு மேலே தூக்கியிருந்தால் எந்தச் சீட்டும் வலிக்கும்.

இன்னொன்று, சீட்டு உயரம். கால் தரையில் முழுசாகப் படும்படி இறக்கி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எல்லோரும் பயத்தில் அப்படித்தான் வைப்பார்கள். அப்போது கால்கள் பாரத்தை வாங்காமல் மொத்தமும் சீட்டின் மேல் இறங்கும். சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். ஒரே நாளில் ஏற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். சீட்டுக் கம்பியில் ஒரு கோடு போட்டிருக்கும், அந்தக் கோடு வெளியே தெரிகிற அளவுக்கு மட்டும் தூக்கவே கூடாது.

ஏறி இறங்க, நடுவில் தாழ்வாக இருக்கும் 'லேடீஸ்' ஃப்ரேம் எடுங்கள். ஆண்களுக்கும் இதையே சொல்வேன், கேட்கத்தான் மாட்டார்கள்.

நாகர்கோவிலிலிருந்து: 120 கிலோ. 4 அங்குல டயர் வைத்த ஃபேட் பைக்தான் எனக்குப் பொருத்தம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

குண்டு ஆளுக்குக் குண்டு டயர் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்! அது மணலிலும் பனியிலும் புதையாமல் ஓடப் பிறந்த வண்டி. தார் ரோட்டில் இழுவை அதிகம், விலை குறைந்த மாடல்கள் 18, 20 கிலோ கனக்கும். இரண்டு வாரத்தில் மாடிப்படிக்கு அடியில் போய்விடும். 45 முதல் 55 மில்லிமீட்டர் அகல டயர் உங்களுக்குப் போதும்.

தஞ்சாவூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து: அப்பா வைத்திருந்த 28 இஞ்ச் டபுள் பார் சைக்கிள் கொட்டகையில் கிடக்கிறது. நான் 102 கிலோ. அதையே ஓட்டலாமா?

தாராளமாக. அந்த வகை வண்டிகளில் பின் சக்கரத்தில் 40 கம்பி, முன்னால் 32. பின்னால் தனியாக 8 கம்பி கொடுத்ததே பாரம் ஏற்றத்தான். நிரம்பிய வீட்டுச் சிலிண்டர் ஒன்று ஏறக்குறைய 30 கிலோ. இரண்டைக் கேரியரில் மாட்டிக்கொண்டு அறுபது கிலோ ஆள் மிதித்தால் மொத்தம் 120. அந்தச் சக்கரத்துக்கு நீங்கள் புதுசு இல்லை.

ஓட்டுவதற்கு முன் ஒரு ஓவராயில் பண்ணுங்கள். ஹப், பெடல், ஃபோர்க் எல்லாம் பிரித்து, பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைக்க வேண்டும். டயர், டியூப் புதுசு. பெடல் தண்டின் காட்டர் பின் தேய்ந்திருந்தால் மிதிக்கும்போது 'டக் டக்' என்று ஆடும், அதையும் மாற்றுங்கள். குறை ஒன்றே ஒன்றுதான், பிரேக். கம்பி பிரேக்கும் குரோம் பூசிய இரும்பு ரிம்மும் மழையில் சேர்ந்தால் நிற்பது ஆண்டவன் விட்ட வழி. தஞ்சை சமவெளியில் மெதுவாக ஓட்ட அது போதும், மலைப்பக்கம் மட்டும் கொண்டுபோக வேண்டாம்.

நாமக்கல்லிலிருந்து: மலைப்பக்கம் என்றதும் கேட்கிறேன். 99 கிலோ. நண்பர்களோடு கொல்லிமலை போக ஆசை. ஏறுவதற்குத்தான் பயமாக இருக்கிறது.

ஏறும்போது முடியவில்லை என்றால் இறங்கித் தள்ளலாம், யாரும் அடிக்கப் போவதில்லை. இறங்குவதற்குப் பயப்படுங்கள். 70 கொண்டை ஊசி வளைவு. அதே வேகத்தில் வரும் 66 கிலோ நண்பரைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு சக்தியை உங்கள் பிரேக் சூடாக மாற்ற வேண்டும். பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வந்தால் ரிம்மோ டிஸ்க்கோ ஆற நேரமே இல்லாமல் கொதிக்கும். வளைவுக்கு முன்பு இரண்டு பிரேக்கையும் சேர்த்து நன்றாக அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், வளைவு தாண்டியதும் விட்டுவிடுங்கள். இடையிடையே நின்று டீ குடியுங்கள். புது பிரேக் கட்டைகள் போட்டுக்கொண்டு போங்கள்.

சிங்கப்பூரிலிருந்து: 103 கிலோ. எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோகும்படி 20 இஞ்ச் மடிக்கும் சைக்கிள் வேண்டும். சின்னச் சக்கரம் தாங்குமா?

சின்னச் சக்கரம்தான் தாங்கும். கம்பி குட்டையாக இருப்பதால் அது பெரிய சக்கரத்தைவிட உறுதி. மடிக்கும் வண்டியில் பலவீனம் வேறு இடத்தில்: நீளமான சீட்டுத் தண்டு, ஹேண்டில்பார் மடியும் கீல், நடு ஃப்ரேம் கீல். டாஹான் மாடல்கள் பலவற்றுக்கு வரம்பு 105 கிலோ. ப்ராம்ப்டன் 110, அதுவும் மூட்டையோடு சேர்த்து. நீங்கள் வரம்பை ஒட்டி நிற்கிறீர்கள், முதுகுப் பை மாட்டினால் தாண்டிவிடுவீர்கள். அதற்கு மேல் வரம்பு எழுதியிருக்கும் மாடலாகத் தேடுங்கள். ரயிலில் மடித்த அளவு 120×70×40 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கடலூரிலிருந்து: 94 கிலோ. அடிக்கடி பஞ்சர். டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழுகிறது. முள் எதுவும் இல்லை.

காற்று குறைவு. பள்ளத்தில் இறங்கும்போது டயர் அமுங்கி, ரிம்மின் இரண்டு விளிம்பும் டியூபைக் கடிக்கின்றன. பாம்பு கொத்திய மாதிரி இரட்டை ஓட்டை விழுவது அதனால்தான். டயரின் பக்கவாட்டில் பிஎஸ்ஐ (காற்றழுத்த) அளவு போட்டிருக்கும். பின் டயருக்கு அதிகபட்ச அளவை ஒட்டி அடியுங்கள், முன்னால் பத்து குறைவாக. கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பது கணக்கில் சேராது. அளவுமானி வைத்த பம்ப் ஒன்று வாங்குங்கள், வாரம் ஒரு முறை பாருங்கள்.

திருச்சியிலிருந்து: 118 கிலோ, முட்டி வலி உண்டு. டபுள் சஸ்பென்ஷன் வாங்கினால் நல்லதா?

ஐயா, வேண்டாம். மலிவு வண்டியில் பின்னால் இருக்கும் ஸ்பிரிங் 118 கிலோவுக்கு உட்கார்ந்த உடனேயே அடியில் போய் முட்டிக்கொள்ளும். அதோடு மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கு ஸ்பிரிங்கை அமுக்கவே செலவாகும். சாதாரண ஃபோர்க், அகலமான டயர் போதும். முட்டிக்கு வேண்டியது லேசான கியர். பெரிய கியரில் அழுத்தி மிதிக்காமல், நிமிடத்துக்கு 70 சுற்றாவது வரும்படி லேசாகச் சுற்றுங்கள். முன்னால் சின்னப் பல்சக்கரம் இருக்கும் வண்டியாகப் பாருங்கள். வலி எதனால் என்று எலும்பு டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

புதுச்சேரியிலிருந்து: 110 கிலோ. நீங்கள் முன்பு சொன்னபடி 36 கம்பி வண்டி வாங்கி ஒரு மாதம் ஆகிறது. அலுவலகம் போய் வருகிறேன், பிரச்சினை ஒன்றும் இல்லை. ஏதாவது செய்ய வேண்டுமா?

ஆமாம், இப்போதே. புதுச் சக்கரத்தில் கம்பிகள் முதல் சில வாரத்தில் தங்கள் இடத்தில் உட்காரும்போது கொஞ்சம் தளரும். பிரச்சினை வரும் வரை காத்திருந்தால் திருப்பூர்காரர் கதைதான். வாங்கிய கடையிலேயே இலவச சர்வீஸ் இருக்கும். ஆனால் அங்கே எண்ணெய் விட்டு, துடைத்து அனுப்பிவிடுவார்கள். "பின் சக்கரத்தில் கம்பி இறுக்கம் பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். அப்படியே கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் தண்டு) போல்ட்டையும் பெடலையும் ஒரு முறை இறுக்கச் சொல்லுங்கள். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம், புதுப் பையன் யாராவது தப்பாகத் திருகி மரையைச் சாப்பிட்டுவிடப் போகிறான்.