எனக்கு 30 கிராம், அண்ணனுக்கு 60: கஷ்டம் மட்டும் எனக்கா?

கேள்வி: டாக்டர், வயது 63. தேயிலைத் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன். ராத்திரி நாலு தடவை ஒன்றுக்குப் போக எழுந்திருக்கிறேன். போனாலும் உடனே வராது, முக்கினால் விட்டு விட்டு வருகிறது. கழிவறை வீட்டுக்கு வெளியே, போன மாதம் வாசலில் கரடி நின்றது. ஸ்கேனில் புராஸ்டேட் 30 கிராம், லேசான வீக்கம்தான் என்றார்கள். அண்ணனுக்கு 60 கிராமாம், அவர் விடியும்வரை தூங்குகிறார். இது எப்படி?
- ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: ஐயா, அந்த கிராம் கணக்கை வைத்து உங்கள் கஷ்டத்தை அளக்க முடியாது. புராஸ்டேட் என்ற சுரப்பி நீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வரும் குழாயைச் சுற்றி மோதிரம் மாதிரி இருக்கிறது. இளவயதில் சுமார் 20 கிராம். வயதானால் பெரும்பாலான ஆண்களுக்குப் பெரிதாகும். அது வெளிப்பக்கமாக வளர்ந்தால் 60 கிராம்கூடத் தொந்தரவு செய்யாமல் இருக்கலாம், உள்பக்கமாகக் குழாயை நெருக்கினாலோ நீர்ப்பையின் வாயில் முட்டினாலோ 30 கிராமே போதும். சுரப்பியில் இருக்கும் தசை இறுகிக்கொள்வதும் ஒரு காரணம். அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளி நீர்ப்பையின் சுவர் தடித்துப் போகிறது, அப்புறம் கொஞ்சம் நிரம்பினாலே அவசரம் அவசரமாக வருகிறது.

ஆனால் ராத்திரி எழுவதற்கு முழுப் பழியையும் புராஸ்டேட் மேல் போட வேண்டாம். சர்க்கரை, கால் வீக்கம், ராத்திரி டீ, மலைக் குளிர் எல்லாமே சிறுநீரைக் கூட்டும். மூன்று நாள் ஒரு அளவு மக்கில் பிடித்து, நேரத்தையும் மில்லியையும் நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு தடவையும் 100 மில்லிதான் என்றால் கோளாறு நீர்ப்பைப் பக்கம், 300, 400 என்றால் ராத்திரியில் உடம்பு அதிகமாகச் சிறுநீர் சுரக்கிறது. அந்த நோட்டோடு டாக்டரிடம் போங்கள், பாதி வேலை முடிந்துவிடும். சிறுநீர் கழித்த பிறகு நீர்ப்பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேன், சிறுநீர்ப் பரிசோதனை, சர்க்கரை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், தேவைப்பட்டால் புராஸ்டேட் புற்றுநோய் சந்தேகத்துக்கான பி.எஸ்.ஏ. ரத்தச் சோதனை பார்ப்பார்கள். இந்த வீக்கம் புற்றுநோய் இல்லை, அதுவாக மாறவும் மாறாது. இரண்டும் ஒருவருக்கே வரலாம் என்பதால்தான் அந்த பி.எஸ்.ஏ. சோதனை.

டாம்சுலோசின் இறுகிய தசையைத் தளர்த்தும், சில நாளிலேயே வித்தியாசம் தெரியும். எழும்போது தலை சுற்றலாம், மெதுவாக எழுங்கள். கண்புரை ஆபரேஷன் இருந்தால் கண் டாக்டரிடம் இந்த மாத்திரையைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். சுரப்பியைச் சுருக்கும் ஃபினாஸ்டிரைடு ஆறு மாதம் பிடிக்கும், பெரிய வீக்கத்துக்குத்தான் அது அதிகம் உதவும்.

நம் ஊரில் என்னைப் பயப்பட வைப்பது சளி மாத்திரை. பனிக்காலத்தில் மூக்கடைப்புக்குக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்வதில் பெரும்பாலும் ஃபினைலெஃப்ரின், குளோர்ஃபெனிரமின் இருக்கும். முதலாவது நீர்ப்பை வாயை இறுக்கும், இரண்டாவது நீர்ப்பையைச் சோம்பலாக்கும். இரண்டு நாள் அப்படிப் போட்ட ஒருவர் நடுராத்திரி ஜீப்பில் வந்தார், சாயங்காலத்திலிருந்து ஒரு சொட்டு வரவில்லை, வயிறு கல்லு மாதிரி. டியூப் போட்டதும் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் வந்தது. உங்களுக்கும் அப்படி அடைத்தாலோ, ரத்தம் வந்தாலோ, குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் அடித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பகலில் தண்ணீரைக் குறைக்காதீர்கள், படுக்க இரண்டு மணி நேரம் முன்பு நிறுத்தினால் போதும். அந்தக் கரடி விஷயம் எனக்கு உறுத்துகிறது. மருந்துக் கடையில் யூரின் பாட்டில் கிடைக்கும், கூச்சப்படாமல் இன்றைக்கே வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வையுங்கள்.