எல்ஃப்களும் இறந்தவர்களும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

செம்பூரில் சனிக்கிழமை இரவுகளில் நாங்கள் ஐந்து நண்பர்கள் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனைப் பாத்திர விளையாட்டை ஆடுவது வழக்கம். சென்ற வாரம் எங்கள் குழு ஒரு பாழடைந்த கல்லறைக்குள் நுழைந்தபோது, கூல் எனப்படும் பிணந்தின்னிகள் தாக்கின. அவற்றின் நகம் பட்ட நாங்கள் எல்லோரும் அசைய முடியாமல் நின்றுவிட, மூப்பில்லாத கற்பனை இனமான எல்ஃபாக விளையாடிய தோழிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஆட்டத்தின் விதியே அப்படித்தான், அழியாதவர்களுக்கு அச்சம் எதற்கு என்று நண்பர் ஒருவர் சொன்னார். டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலில் லெகோலஸ் என்ற எல்ஃப் இறந்தவர்களின் பாதையில் கலங்காமல் நடந்து செல்லும் இடம் எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் நண்பரின் விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை. செத்தும் சாகாதவர்களைக் கண்டு எல்ஃப்கள் ஏன் அஞ்சுவதில்லை? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

க.,
செம்பூர், மும்பை

அன்புள்ள க.,

உங்கள் நண்பர் சொல்லும் காரணத்தை நீங்கள் குறிப்பிடும் நாவலே மறுக்கிறது. மோரியாவின் சுரங்கத்தில் பால்ரோக் என்ற நெருப்புப் பூதம் வெளிப்படும்போது முதலில் அலறுபவன் லெகோலஸ்தான். நாணில் பூட்டிய அம்பு அவன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுகிறது. எல்ஃப்களுக்கு மூப்பும் பிணியும் இல்லையே தவிர, வாளும் நெருப்பும் அவர்களைக் கொல்லும், ஆறாத் துயரமும் கொல்லும். ஆகவே அஞ்சாமை அவர்களுடைய பொதுக்குணம் என்று கொள்ள இடமில்லை. பால்ரோக்கைக் கண்டு நடுங்கிய அதே லெகோலஸ், இரண்டு மாதங்களுக்குள் டன்ஹாரோ மலைக்கு அடியில் செல்லும் அந்த இறந்தவர்களின் பாதையில், கூட வந்த அத்தனை வீரர்களின் நெஞ்சும் ஒடுங்கியிருக்கும்போது, தான் மட்டும் கலக்கமின்றி நடக்கிறான். மலையின் வாயிலில் கால் வைக்க மறுத்து வியர்த்து நடுங்கும் தன் குதிரையின் கண்களைக் கையால் பொத்தி, மெல்லப் பாடி, அதை உள்ளே அழைத்துச் செல்கிறான். கல்லுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த குள்ளர் குலத்தைச் சேர்ந்த கிம்லியோ, எல்ஃப் நிலத்தடிக்குள் போகிறான், குள்ளன் தயங்குகிறான் என்று தன்னைத் தானே நொந்துகொண்டு, கடைசியில் தரையில் தவழும் நிலைக்கு வந்துவிடுகிறான்.

அப்படியானால் கேள்வியை வேறு விதமாகக் கேட்க வேண்டும்: நாம் ஏன் பேய்க்கு அஞ்சுகிறோம்? அது நம்மைக் கொன்றுவிடும் என்பதற்காக என்றால், புலியும் பாம்பும்தான் கொல்லும். அவற்றிடம் நமக்குள்ள அச்சம் வேறு வகையானது. பேயாக நம் எதிரில் நிற்பது ஒரு காலத்தில் நம்மைப் போல உண்டு உறங்கிய ஓர் ஆள். அந்த ஆளுக்கு நேர்ந்தது நமக்கும் நேரக்கூடும் என்பதை நம் உடல், நம் அறிவுக்கு முன்பாகவே தெரிந்துகொள்கிறது.

நான் மாட்டுங்காவில் வளர்ந்தவன். மகாளய அமாவாசைக்கு அப்பா என்னை வாள்கேஷ்வரில் உள்ள பாணகங்கைக் குளத்துக்கு அழைத்துச் செல்வார். குளத்தின் படிகளெங்கும் மக்கள் எள்ளும் நீரும் இறைத்துத் தங்கள் முன்னோரைப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருப்பார்கள். அத்தனை இறந்தவர்கள் அழைக்கப்படும் அந்த இடத்தில் எனக்குச் சிறுவயதில்கூட அச்சம் தோன்றியதில்லை. அதே நாட்களில், தூக்கிட்டு இறந்த ஒருவரின் வீட்டைக் கடந்து இரவில் நடக்க என்னால் முடியாது. போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டவர்கள் நம்மை அச்சுறுத்துவதில்லை. போகும் வழியில் தடுக்கப்பட்டு இங்கேயே நின்றுவிட்டதாக நாம் நம்புகிறவர்களே அச்சுறுத்துகிறார்கள். டன்ஹாரோவின் இறந்தவர்கள் சரியாக அந்த நிலையில் இருப்பவர்கள். இசில்டூர் என்ற பழைய அரசனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றாததால், அதை நிறைவேற்றும் வரை ஓய்வில்லை என்று சபிக்கப்பட்டு, 3000 ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் அந்த மலைக்குள் காத்திருக்கிறார்கள்.

டோல்கீனின் உலகில் மனிதனின் சாவும் எல்ஃபின் சாவும் வேறு வேறு என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். இறந்த மனிதனின் உயிர் இந்த உலகை விட்டே வெளியேறிவிடும். அது எங்கே போகிறது என்பது எல்ஃப்களுக்கும் தெரியாது. எல்ஃபின் உயிரோ உலகம் முடியும் வரை உலகத்தோடு கட்டுண்டது. உடல் அழிந்தால் அது, இறந்தோரின் உயிர்களைக் காக்கும் மாண்டோஸ் என்ற தேவனின் மண்டபங்களுக்குப் போய்க் காத்திருக்கும். அனுமதி கிடைத்தால் மீண்டும் உடல் பெறும். உடலில்லாத உயிர் ஒன்று இந்த உலகத்துக்குள்ளேயே தங்கியிருப்பது மனிதனைப் பொறுத்தவரை முறை தவறிய நிலை, எல்ஃபைப் பொறுத்தவரை தன் இனத்தின் இயல்பான நிலை. கிம்லியும் மற்றவர்களும் குலைநடுங்கிப் பார்த்த அதே உருவங்களை லெகோலஸ் வலுவிழந்த வெறும் நிழல்களாகக் கண்டதன் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அவனுடைய சாவு அந்த வழியில் வராது.

நம் காப்பியங்களில் இதற்கு இணையாக இரண்டு காட்சிகள் உண்டு. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில், சார்ங்கலன் என்ற இளைஞன் சுடுகாட்டை ஊர் என்று எண்ணி உள்ளே நுழைந்து, அங்கே ஒரு பேய் தலையொன்றைக் கையில் ஏந்திக் கூத்தாடுவதைக் காண்கிறான். அது அவனைத் தொடவில்லை. அவன் ஓடி வந்து தாயிடம் சொல்லிவிட்டு அந்த அச்சத்திலேயே உயிர் விடுகிறான். நீலகேசியில் அதே போன்றதொரு சுடுகாட்டில் முனிச்சந்திரர் அமர்ந்திருக்கிறார். அவரை அச்சுறுத்துவதற்கென்றே வந்த பழையனூர் நீலி என்ற பேய் தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்துத் தோற்கிறது. சார்ங்கலனைவிட முனிவரின் உடல் உறுதியானது என்பதற்காக அவர் அஞ்சாமல் இருக்கவில்லை. உயிர் எங்கிருந்து வந்தது, எங்கே போகும் என்பதில் அவருக்கு ஐயம் இல்லை. எல்ஃப் பிறப்பினால் பெற்றிருப்பதை முனிவர் தவத்தினால் பெறுகிறார். எனக்கு முனிவரின் அஞ்சாமையே பெரிதாகத் தோன்றுகிறது.

ஆனால் எல்லா எல்ஃப்களும் எந்த ஆவிக்கும் அஞ்சுவதில்லை என்று விரித்துவிடக் கூடாது. மனிதர்களாக இருந்து ஆவியுருவாகிவிட்ட நாஸ்கூல்களை எதிர்த்து வெளிப்படையாகக் குதிரையேறிச் செல்லக்கூடியவர்கள் எல்ஃப்களின் இருப்பிடமான ரிவெண்டெல்லிலேயே சிலர்தான் என்று குளோர்ஃபிண்டெல் என்ற எல்ஃப் சொல்கிறான். அவனே அந்தச் சிலரில் ஒருவன். டோல்கீனின் பிற்காலக் குறிப்புகளின்படி, கோண்டோலின் என்ற எல்ஃப் நகரம் வீழ்ந்தபோது பால்ரோக்குடன் போரிட்டு இறந்து, உடலோடு திருப்பி அனுப்பப்பட்டவன். எல்ஃப்களுக்கென்றே உரிய பேய்களும் உண்டு. மாண்டோஸின் அழைப்பை ஏற்க மறுத்து, உடலின்றி அலையும் எல்ஃப் உயிர்களைப் பற்றி, டோல்கீனின் மறைவுக்குப் பின் 1993ல் வெளியான ஒரு தொகுதியில் அவர் எழுதியிருக்கிறார். அவை உயிருள்ளவர்களின் உடலைப் பறிக்க முயலக்கூடும் என்பதால், அவற்றோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கையும் அங்கே இருக்கிறது. மனிதப் பேய்களிடம் இல்லாத எச்சரிக்கை தம்மவரின் பேய்களிடம் தோன்றிவிடுகிறது.

உங்கள் ஆட்டத்துக்கு வருகிறேன். கூல்களின் தீண்டல் எல்ஃப்களைப் பாதிக்காது என்ற விதி 1974ல் வந்த முதல் தொகுப்பிலேயே ஒற்றை வரியாக இருக்கிறது. 1977ல் வந்த மான்ஸ்டர் மேனுவல் என்ற விதிநூல் அதைச் சற்று விரித்து, குள்ளர்களும் பாதி எல்ஃப்களும்கூட உறைந்துபோவார்கள், முழு எல்ஃப்களுக்கு மட்டுமே விலக்கு என்கிறது. பாதி மனித ரத்தம் இருந்தாலே உடல் உறைந்துவிடும் என்பதை என்னால் வெறும் ஆட்டக் கணக்காகப் படிக்க முடியவில்லை. 2014ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்கு ஒரு கதையே சொல்கிறது: முதல் கூலான டோரசெய்ன் பிறப்பால் எல்ஃப், அவன் மீது எல்ஃப்களின் தெய்வங்கள் இரக்கம் கொண்டதற்குப் பிறகே இந்த விலக்கு வந்தது. நல்ல கதைதான். ஆயினும் காரணத்தைத் தெய்வங்களின் கையில் கொடுத்துவிடுவதால், எல்ஃபின் சாவு எத்தகையது என்ற கேள்வி அதில் எழாமலே போய்விடுகிறது.

அடுத்த ஆட்டத்துக்கு முன் உங்கள் தோழியை, அந்த நாவலில் மினாஸ் திரித் நகரில் அமர்ந்து லெகோலஸ் தன் தோழர்களான மெர்ரிக்கும் பிப்பினுக்கும் நடந்ததைச் சொல்லும் பகுதியைப் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள். மனிதர்களின் நிழல்களுக்குத் தான் அஞ்சவில்லை என்று அவன் அங்கே சொல்கிறான். பெலார்கிர் துறைமுகத்தில் அந்த நிழல்கள் எல்லாம் இசில்டூரின் வழித்தோன்றலான அரகோர்னின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்ற வேளையில், அவன் கண்கள் அவற்றின் மீது நிலைக்கவில்லை, அரகோர்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த மனிதன் உலகையே அடக்கவல்ல அந்த மோதிரத்தைத் தனக்கென்று எடுத்துக்கொண்டிருந்தால் எவ்வளவு கொடிய பேரரசனாக ஆகியிருப்பான் என்ற எண்ணம் அப்போதுதான் அவனுக்கு வந்தது.