ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டும் இரண்டு வீட்டு அழைப்பும்

கேள்வி: பர்கூர் பக்கம் வசிக்கிறோம். தை மாதம் கல்யாணம் ஆனது, இப்போது இரண்டு மாதம். கணவரின் அக்கா சிங்கப்பூரிலும் என் சித்தி துபாயிலும் இருக்கிறார்கள். இருவருமே உடனே வரச் சொல்கிறார்கள். ஊர்ச் சொந்தங்கள் வீட்டு விருந்தும் பாக்கி. என் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான், கணவர் பெயர் இல்லை. எதை முதலில் செய்வது?

பதில்: முதலில் திருமணத்தைப் பதிவு செய்துவிடுங்கள். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009-இன்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் கிடைக்கும், அவ்வளவுதான். சுற்றுலா விசாவுக்கு இந்தச் சான்றிதழைப் பெரும்பாலும் கேட்பதில்லை. நாளை ஒருவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்து மற்றவர் துணையாகப் போக நேர்ந்தால் இது இல்லாமல் நகராது.

கணவர் பெயரை உடனே பாஸ்போர்ட்டில் ஏற்ற வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். பயணத்துக்கு அது தேவையில்லை. அப்பா பெயரோடு உள்ள பாஸ்போர்ட்டிலேயே மனைவி தாராளமாகப் போய் வரலாம். உங்களுக்குச் சிக்கல் தரக்கூடியது 'சர்நேம்' (குடும்பப் பெயர்) கட்டம் காலியாக இருப்பதுதான். இனிஷியல் போடும் நம் வழக்கத்தால் பலருக்கும் இப்படித்தான் இருக்கிறது. ஒற்றைப் பெயரோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு தளர்த்தினார்கள். ஆனாலும் கவுண்டரில் இருக்கும் ஊழியர் தடுத்தால் அங்கே நின்று வாதாட நேரம் இருக்காது. எனவே துபாய்க்கு முன் 'சர்நேம்' சேர்த்துப் புது பாஸ்போர்ட் (மறுவெளியீடு) வாங்குவது நல்லது. அதே விண்ணப்பத்தில் கணவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் 3,500. விசா வாங்கிய பிறகு மட்டும் இதைச் செய்யாதீர்கள். விசா பழைய பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டிருக்கும்.

சிங்கப்பூருக்கு ஜூனில் போங்கள். அங்கே பள்ளி விடுமுறை, நாத்தனார் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். விசாவுக்குப் புறப்படும் நாளுக்கு முந்தைய 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், நிராகரித்தால் திரும்ப வராது. நாத்தனார் குடியுரிமையோ நிரந்தரவாசமோ பெற்றவர் என்றால் தன் 'சிங்பாஸ்' (சிங்கப்பூர் அரசின் இணைய அடையாள) கணக்கு வழியாகவே விண்ணப்பிக்கலாம். வேலை அனுமதியில் இருப்பவர் என்றால் அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் வழியாகத்தான். இதைக் கேட்காமல் 'அக்கா பார்த்துக்கொள்வாள்' என்று கடைசி வாரம் வரை விடுவதுதான் வழக்கமான கோளாறு. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்புங்கள். அது இலவசம், பணம் கேட்கும் தளம் போலி. விசா செல்லுபடியாகும் காலம் வேறு, தங்கும் நாள் வேறு. தங்கும் நாள் எத்தனை என்பது இறங்கியதும் மின்னஞ்சலில் வரும் இ-பாஸில் இருக்கும். அடுக்குமாடி வீட்டில் கூடுதல் அறை இருக்காது என்பதால் ஒரு வாரத்துக்கு மேல் தங்குவது யாருக்கும் சுகமில்லை.

ஆடி பிறப்பதற்குள் ஊர் திரும்பிவிடலாம். தலை ஆடி, ஒகேனக்கல் பதினெட்டாம் பெருக்கு, தலை தீபாவளி எல்லாம் அடுத்தடுத்து வரும். இவற்றைத் தவறவிட்டால் வருத்தம் வருடக்கணக்கில் பேசப்படும். ஊர் விருந்துகளை ஒரு நாளுக்கு இரண்டு வீடு என்று பக்கத்து ஊர்களாகச் சேர்த்து முடியுங்கள். பாலக்கோடும் ஊத்தங்கரையும் எதிரெதிர்த் திசை, ஒரே நாளில் வேண்டாம். துபாய்க்கு அடுத்த ஜனவரி. வெயில் தணிந்திருக்கும், புது பாஸ்போர்ட்டும் கையில் இருக்கும்.

பெட்டியில் கசகசா இருக்கவே கூடாது; இரு நாடுகளிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். வீட்டில் அரைத்த குருமாப் பொடியில்கூடக் கலந்திருக்கும், அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கொப்பரையை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், எண்ணெய்ச் சத்தால் தீப்பிடிக்கும் என்பதால். ஊறுகாயும் கிருஷ்ணகிரி மாங்கூழ் டின்னும் பெரிய பெட்டியில் போகட்டும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் போகாது. கேழ்வரகு மாவைக் கடைப் பாக்கெட்டாக, பெயர் அச்சிட்டதாக வாங்குங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்தும் டிரமடால் என்ற வலி மாத்திரையும் துபாய்க்கு முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது.

புதுமணப்பெண் என்பதால் நகை அதிகமாக அணிவீர்கள். கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கத்தில் 'எக்ஸ்போர்ட் சர்டிபிகேட்' வாங்குங்கள். நகைகளின் எடைச் சீட்டும் புகைப்படமும் கையில் இருக்கட்டும். இல்லையென்றால் திரும்பும்போது அவை இங்கிருந்து போனவை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பாகிவிடும்.

விமானத்துக்குப் பெங்களூரு பக்கம்தான். ஆனால் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி நகரத்தின் மறுகோடியில் இருக்கிறது. காலை, மாலை அலுவலக நேரத்தில் நகரைக் கடக்காதபடி விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். வாடகைக் கார் என்றால் கர்நாடக வரி கட்டியாகிவிட்டதா என்று முந்தின நாளே ஓட்டுநரிடம் கேளுங்கள், மாநில எல்லையான அத்திப்பள்ளியில் நிற்க வேண்டியிருக்காது.