கண் ஸ்கேனில் மறதி நோய் தெரியுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. 15 வருடமாகச் சர்க்கரை நோய், மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். போன மாதம் கண் மருத்துவமனையில் ஓசிடி ஸ்கேன் (ஒளியால் விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுப்பது) எடுத்ததில், விழித்திரையின் நரம்பிழை அடுக்கு மெலிந்திருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது. கொஞ்ச நாளாகவே பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார். விழித்திரையைப் பார்த்தே அல்சைமர் என்ற மறதி நோயைக் கண்டுபிடிக்கலாம் என்று செய்தியில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அம்மாவுக்கு அதுதானா டாக்டர்?

பதில்: அந்த ஸ்கேனை மட்டும் வைத்து அதுதான் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. முதலில் அந்தப் பயத்தை இறக்கிவையுங்கள்.

நீங்கள் படித்த செய்தியில் உண்மை இருக்கிறது. கருவில் மூளையிலிருந்து மொட்டுவிட்டு வளர்வதுதான் விழித்திரை. அதனால் மூளை நரம்புகள் நலியும்போது இங்கேயும் சுவடு தெரியலாம். பல லட்சம் பேரின் உடல்நலத் தகவலைத் திரட்டும் பிரிட்டனின் யுகே பயோபேங்க் திட்டத்தில் 32,000 பேருக்கு மேல் ஆராய்ந்து 2018இல் முடிவு வெளியிட்டார்கள். இந்த அடுக்கு மெல்லியதாக இருந்தவர்கள் நினைவாற்றல், சிந்தனைச் சோதனைகளில் பின்தங்கினார்கள். சில வருடம் கழித்துச் சோதித்தபோது சரிவும் அவர்களிடம்தான் அதிகம். ஆனால் அது பெருங்கூட்டத்தின் சராசரிக் கணக்கு. வித்தியாசம் சில மைக்ரான்தான், ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதைக் கொண்டுவந்து உங்கள் அம்மா ஒருவர்மேல் பொருத்த முடியாது.

இந்த அடுக்கு மெலிந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது க்ளாக்கோமாவை. வலியே இல்லாமல் பார்வையை ஓரத்திலிருந்து அரித்துவிடும் நோய் அது. போன பார்வை திரும்பாது. மறதி நோயை நினைத்துப் பயப்படுகிற அவசரத்தில் இதைத் தவறவிட்டுவிடாதீர்கள். கண் அழுத்தம் எவ்வளவு, ஓரப் பார்வை எவ்வளவு தெரிகிறது என்று அளக்கும் விஷுவல் ஃபீல்டு பரிசோதனை தேவையா என்று உங்கள் கண் மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். நெடுநாள் சர்க்கரையும் அதிகக் கிட்டப்பார்வையும்கூட அடுக்கை மெலியச் செய்யும். கண்புரை இருந்தால் ஸ்கேன் மங்கி, அடுக்கு உள்ளதைவிட மெல்லியதாகக் காட்டிவிடும்.

மறதியைத் தனியாகப் பார்க்க வேண்டும். வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிட்டவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவது சகஜம். பி12 குறைந்தாலே மறதி வரலாம், ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்யலாம். அதோடு தைராய்டும் பாருங்கள். சர்க்கரை அடிக்கடி தாழ்ந்து போகிறதா, தூக்க மாத்திரை எடுக்கிறாரா, காது சரியாகக் கேட்கிறதா, மனச்சோர்வு இருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும். பிறகு நினைவாற்றல் சோதனை. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதைத் தமிழிலேயே, அம்மா கண்ணாடி போட்டிருக்கும்போது செய்யச் சொல்லுங்கள். கேள்வித்தாள் சரியாகத் தெரியாமல் மதிப்பெண் குறைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கண்புரை இருந்து, ஆபரேஷன் வேண்டும் என்று சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட சுமார் 3,000 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், கண்புரை நீக்கிக்கொண்டவர்களுக்கு மறதி நோய் ஏறத்தாழ 30 சதவீதம் குறைவாக வந்தது. ஆபரேஷன்தான் காரணம் என்று அதை வைத்து முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் சிகிச்சை பெறாத பார்வைக் குறைவை, மறதி நோய்க்கான தவிர்க்கக்கூடிய காரணங்களில் ஒன்றாக லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம் 2024இல் சேர்த்தது. தெளிவாகப் பார்ப்பவர் படிப்பார், கோலம் போடுவார், நாலு பேரோடு பழகுவார். மூளைக்கு அது நல்ல வேலை.

பொதுநல மருத்துவரிடம் போகும்போது அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். மறதி எப்போது தொடங்கியது, வழி தடுமாறுகிறாரா, பணக்கணக்கில் தவறுகிறாரா என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று குழப்பமோ, பேச்சுக் குழறலோ, ஒரு பக்கம் பலவீனமோ வந்தால் அது வேறு விஷயம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.